விரைவுப் பரிசோதனைப் பட்டையின் உணர்திறனை உயர்த்துவது எப்படி?

காசநோய்க் கிருமியின் செல்சுவரில் லிப்போஅரபினோமன்னான் என்னும் சர்க்கரைக் கொழுப்புப் பொருள் இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றிய காசநோயாளிகளின் சிறுநீரில் அது கலந்து வெளியேறுவதால், சளி எடுக்க முடியாத அளவுக்குச் சோர்ந்து படுத்திருப்பவரிடமும் சில துளி சிறுநீரைக் கொண்டு நோயைக் கண்டறிய வழியுண்டு. இதற்கென வந்த அலீர் நிறுவனத்தின் பட்டையையும், அதன் பின்னர் ஃபியூஜிஃபிலிம் உருவாக்கிய பட்டையையும் தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளின் சிறுநீரில் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. நுண்ணுயிரியல் சோதனைகளை அளவுகோலாகக் கொண்டபோது, முதல் பட்டை நோயாளிகளில் 42.3 விழுக்காட்டினரையும் இரண்டாவது பட்டை 70.4 விழுக்காட்டினரையும் இனங்கண்டன. நோயாளிகளும் அவர்களே, சிறுநீரும் அதுவே. பட்டையின் வடிவமைப்பில் நிகழ்ந்த மாற்றம் எத்தனை உயிர்களைத் தொடக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும், கோவிட் ஆன்டிஜென் பட்டையும், மலேரியா பட்டையும் இதே அமைப்பைக் கொண்டவையே. மாதிரியை வாங்கும் சாம்பிள் பேட், தங்க நானோதுகள்களோடு பிணைத்த எதிர்ப்பொருளை (தேடும் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை) உலர்ந்த நிலையில் வைத்திருக்கும் கான்ஜுகேட் பேட், சோதனைக் கோடும் கட்டுப்பாட்டுக் கோடும் வரையப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, திரவத்தை இறுதிவரை இழுத்துக்கொள்ளும் உறிஞ்சு பேட் ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு ஓர் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கும். தேடும் பொருளை, அதாவது ஆன்டிஜெனை, துகளிலுள்ள எதிர்ப்பொருளும் சோதனைக் கோட்டிலுள்ள எதிர்ப்பொருளும் ஒருசேரப் பற்றும்போது துகள் கோட்டில் தங்கி நிறம் தெரியும். பட்டை சரியாக ஓடியதைக் கட்டுப்பாட்டுக் கோடு காட்டும். இத்தகைய பட்டையை ஆய்வகத்தில் உருவாக்குபவர்களுக்கும், அதைக் கற்கும் மாணவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வலுவான மாதிரியில் கோடு அடர்ந்து தெரிவதால் பட்டையின் உணர்திறன் உயர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. தேடும் பொருள் மிகக் குறைவாக உள்ள மாதிரியை, அது அறவே இல்லாத மாதிரியிலிருந்து ஒவ்வொரு முறையும் பிரித்துக் காட்ட வேண்டும். அதுவே இங்கு நாம் நாடும் உணர்திறன். ஆகவே குறைந்த சமிக்ஞையை உயர்த்துவது பாதி வேலை. வெற்று மாதிரியில் தோன்றும் பொய்ச் சாயலைத் தாழ்த்துவது மறுபாதி. இரண்டாவதையே முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னணியைச் சீர்செய்யாமல் சமிக்ஞையைப் பெருக்கினால் பின்னணியும் சேர்ந்தே பெருகும்.

அளவீட்டிலிருந்து தொடங்குதல்

ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, இரண்டு மூன்று பட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்துக் கோடு நன்றாக வந்திருக்கிறது என்று முடிவுசெய்வது எளிது. ஆனால் பட்டைக்குப் பட்டை இயல்பாகவே உள்ள வேறுபாடு அப்போது முன்னேற்றம்போல் தோன்றிவிடும். ஆகவே, எதையும் மாற்றுவதற்கு முன்பு வெற்று மாதிரியில் குறைந்தது 20 பட்டைகளையும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் செறிவுள்ள மாதிரியில் அதே எண்ணிக்கையையும் வெவ்வேறு நாட்களில் ஓட்டி, கோட்டின் அடர்த்தியைக் கருவியாலோ படமெடுத்தோ எண்ணாகப் பதிவுசெய்யவும். வெற்று மாதிரி என்பது வெறும் பஃபராக (பிஎச் மதிப்பை நிலையாக வைக்கும் கரைசலாக) இருக்கலாகாது. சிறுநீர்ப் பரிசோதனையாயின் நோயற்ற பலரின் சிறுநீரையும், இரத்தப் பரிசோதனையாயின் நோயற்ற பலரின் சீரத்தையும் தனித்தனியாகப் பயன்படுத்த வேண்டும். மனிதருக்கு மனிதர் மாறும் உப்பும் புரதமும் பிஎச் மதிப்பும்தான் பின்னாளில் சிக்கலை உண்டாக்குபவை.

வெற்று மாதிரிகளின் சராசரியோடு அவற்றின் திட்ட விலக்கத்தின் (சராசரியிலிருந்து மதிப்புகள் சிதறும் அளவின்) 1.645 மடங்கைக் கூட்டினால் வெற்று எல்லை கிடைக்கும். அதனோடு, குறைந்த செறிவுள்ள மாதிரிகளின் திட்ட விலக்கத்தின் 1.645 மடங்கைக் கூட்டினால் வரும் அளவீட்டுக்குரிய செறிவே கண்டறிதல் எல்லை. இக்கணக்கில் திட்ட விலக்கம் இருமுறை வருவதைக் கவனிக்கவும். சமிக்ஞையைத் தொடாமல், பட்டைகளுக்கிடையேயான சிதறலை மட்டும் குறைத்தாலே கண்டறிதல் எல்லை இறங்கும். பேட்களைச் சீராக நனைத்து உலர்த்துவது, பட்டைகளை ஒரே அகலத்தில் வெட்டுவது, பேட்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளத்தை மாறாமல் வைப்பது ஆகிய சலிப்பூட்டும் வேலைகளால் கிடைக்கும் பயன், விலை உயர்ந்த நானோதுகள்களால் கிடைப்பதை விஞ்சுவதும் உண்டு. கண்ணால் மட்டுமே படிக்கப்படும் பட்டையாயின், எந்தச் செறிவில் 95% பட்டைகளில் கோடு தெரிகிறதோ அதையே எல்லையாகக் கொள்ளவும். அப்போது எந்த மாதிரி எது என்று அறியாத இருவர், தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

மாதிரியில் மறைந்திருப்பதை வெளிக்கொணர்தல்

எச்.ஐ.வி.யின் பி24 புரதத்தின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 24,000 டால்டன். ஒரு மில்லிலிட்டருக்கு 1 பிக்கோகிராம் என்ற மிகக் குறைந்த செறிவில்கூட, 100 மைக்ரோலிட்டர் மாதிரியில் அதன் மூலக்கூறுகள் சுமார் 25 லட்சம் இருக்கும். அவ்வளவு இருந்தும் சாதாரணப் பட்டை அவற்றைக் காட்டுவதில்லை. அவை எதிர்ப்பொருளுக்கு எட்டாதபடி மறைந்திருக்கலாம், கோட்டில் பிடிபடாமல் ஓடிவிடலாம், பிடிபட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இந்த மூன்று இழப்புகளில் உங்கள் பட்டையில் எது பெரியது என்று கண்டுபிடித்துவிட்டு அதன்பின் கைவைக்க வேண்டும்.

மறைந்திருப்பதற்கு முதன்மையான காரணம், நோயாளியின் சொந்த எதிர்ப்பொருள்களே ஆன்டிஜெனைச் சூழ்ந்துகொள்வது. என்எஸ்1 என்னும் டெங்கு வைரஸ் புரதத்தைத் தேடும் பட்டை, முதன்முறை தொற்றியவரைவிட இரண்டாம் முறை தொற்றியவரிடம் குறைவாக வேலைசெய்வது இதனால்தான். பி24 போன்றவற்றில் மாதிரியை அமிலத்தால் அல்லது வெப்பத்தால் பதப்படுத்தி இந்தப் பிணைப்பைப் பிரித்து, பின்னர் பிஎச் மதிப்பைச் சமன்செய்து பட்டையில் இடும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. லிப்போஅரபினோமன்னான் புரதமன்று என்பதால் வெப்பத்தைத் தாங்கும். சிறுநீரைச் சூடாக்குவது அதற்குப் பொருந்தும். ஆனால் வெப்பத்தால் உருக்குலையும் புரதங்களுக்கு இம்முறை கேடாகும் என்பதால், சூடாக்கிய மாதிரியையும் சூடாக்காததையும் இணையாக ஓட்டிப் பார்க்கவும்.

அளவைப் பெருக்குவதற்கும் எளிய வழியுண்டு. எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகளை 1 மில்லிலிட்டர் சிறுநீரில் கலக்கி, காந்தத்தால் ஒதுக்கி, 50 மைக்ரோலிட்டரில் விடுவித்தால் கோட்பாட்டளவில் செறிவு 20 மடங்கு உயரும். நடைமுறையில் பிடிபடாதது, விடுபடாதது என இழப்பு இருக்கும், எஞ்சுவதும் பயனுள்ளதே. இதற்குத் தேவையான காந்தமும் இரண்டு குழாய்களும் ஊர்ப்புறச் சுகாதார நிலையத்திலும் வைத்துக்கொள்ளக்கூடியவை. மையவிலக்கு வடிகட்டி அப்படியன்று. செவிலியர் ஒருவர் பல நோயாளிகளுக்கு நடுவே கையாளப்போகும் கருவி என்பதை ஒவ்வொரு படியைச் சேர்க்கும்போதும் நினைவில் கொள்வது நம் கடமை.

சாம்பிள் பேட்டைப் பலர் வெறும் உறிஞ்சுதாளாகவே கருதுகின்றனர். அதில் டிரிஸ் அல்லது போரேட் பஃபர், ட்வீன்-20 என்னும் சோப்புப் பொருள் சிறிது, கேசீன் அல்லது பிஎஸ்ஏ புரதம் ஆகியவற்றை நனைத்து உலர்த்தி வைத்தால், சிறுநீருக்குச் சிறுநீர் மாறும் அமிலத்தன்மை சமனாகிறது, துகள்கள் சவ்வில் ஒட்டிக்கொள்வது குறைகிறது. இரத்த மாதிரியில் முடக்குவாதக் காரணி போன்ற எதிர்ப்பொருள்கள், பிடிக்கும் எதிர்ப்பொருளையும் காட்டும் எதிர்ப்பொருளையும் நேராக இணைத்துப் பொய்க் கோட்டை உண்டாக்கும். அதற்கான தடுப்புப் பொருளையும் இந்தப் பேட்டிலேயே சேர்க்கலாம். வெற்று மாதிரியின் சாயலைத் தாழ்த்தும் வேலையில் பெரும்பகுதி இங்குதான் நடக்கிறது.

எதிர்ப்பொருளும் ஓட்டத்தின் வேகமும்

எலைசா என்னும் ஆய்வகச் சோதனையில் மிகச் சிறப்பாக இயங்கிய எதிர்ப்பொருள் இணை, பட்டையில் ஏன் தோற்கிறது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. விடை நேரத்தில் இருக்கிறது. எலைசாவில் ஆன்டிஜென் ஒரு மணி நேரம்கூட எதிர்ப்பொருளோடு தங்கியிருக்கும். பட்டையில் அந்த வாய்ப்பு சில நொடிகளே.

இதைக் கணக்கிட்டே காட்டலாம். சவ்வில் திரவம் கடந்த தூரத்தின் வர்க்கம், நேரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 4 சென்டிமீட்டரைக் கடக்க 120 நொடி எடுக்கும் சவ்வில், தொடக்கத்திலிருந்து 2 சென்டிமீட்டரில் திரவ முனையின் வேகம் நொடிக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஆகவே 1 மில்லிமீட்டர் அகலமுள்ள கோட்டை அது கடக்க 3 நொடியே ஆகும். அதே கோட்டை 1 சென்டிமீட்டரில் வரைந்திருந்தால் ஒன்றரை நொடி. சவ்வை மாற்றி, 4 சென்டிமீட்டருக்கு 180 நொடி எடுப்பதைப் பயன்படுத்தினால் 2 சென்டிமீட்டரில் நாலரை நொடி கிடைக்கும். மெதுவான சவ்வும், தொலைவில் வரைந்த கோடும் உணர்திறனை உயர்த்துவதன் காரணம் இதுவே. இவ்விரண்டும் செலவில்லாத மாற்றங்கள். எனவே முதலில் முயல வேண்டியவை. அதற்கு ஈடாக முடிவு வெளிவரும் நேரம் நீளும். கெட்டியான மாதிரிகள் பாதியில் நின்றுவிடக்கூடும். பின்னணி தெளிவாகவும் நேரமெடுக்கும்.

எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்கையில் பிணைப்பின் உறுதியைவிடப் பிணையும் வேகத்தையே முதலில் பார்க்க வேண்டும். கைவசமுள்ள எல்லா எதிர்ப்பொருள்களையும் கோட்டில் வைத்தும் துகளில் வைத்தும், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்துப் பட்டையிலேயே சோதிக்கவும். இதற்கு முழுப் பட்டை வேண்டாம். சவ்வும் உறிஞ்சு பேட்டும் மட்டும் ஒட்டிய அரைப் பட்டையை, மாதிரியும் துகளும் கலந்த சிறு கிண்ணத்தில் செங்குத்தாக நிறுத்தினால் போதும். வெற்று மாதிரியில் சாயல் காட்டும் இணைகளை, அவை எவ்வளவு அடர்ந்த கோட்டைத் தந்தாலும், தயங்காமல் நீக்கிவிட வேண்டும். லிப்போஅரபினோமன்னான் பட்டையில் நிகழ்ந்த முன்னேற்றத்திலும் எதிர்ப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே பொருளின் பல இடங்களைப் பற்றும், பழைய பட்டையின் பல்திற எதிர்ப்பொருள்களுக்கு மாறாக, காசநோய்க் கிருமிக் குழுவின் லிப்போஅரபினோமன்னானில் உள்ள தனித்த சர்க்கரை அமைப்பொன்றைப் பற்றும் ஒற்றைத்திற எதிர்ப்பொருள் புதிய பட்டையில் பயன்பட்டது.

கோட்டை வரையும்போது எதிர்ப்பொருளை உப்புக் குறைந்த பாஸ்பேட் பஃபரில் வைத்து, ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவில், ஒரு சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோலிட்டர் என்ற அளவிலிருந்து தொடங்கலாம். சவ்வு ஒளிபுகாதது, அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் உள்ள நிறமே கண்ணுக்குப் புலப்படும். கோடு அகலமாகப் பரவினால் அதே எண்ணிக்கைத் துகள்கள் மங்கலாகத் தெரியும். ஆகவே பரவச்செய்யும் பொருள்களை வரையும் கரைசலில் சேர்க்க வேண்டாம். வரைந்த சவ்வை 37 டிகிரி செல்சியஸில் நன்கு உலர்த்தி, ஈரம் குறைந்த அறையில் வைக்கவும். முழுமையாக உலராத கோட்டிலிருந்து எதிர்ப்பொருள் கழன்று ஓடும்.

துகளும் அதன் விடுவிப்பும்

தங்கத் துகளின் விட்டம் பொதுவாக 40 நானோமீட்டர். விட்டத்தை 80 ஆக்கினால் ஒரு துகளின் கனஅளவு 8 மடங்காகி நிறம் வலுக்கும். ஆனால் அதே எடைத் தங்கத்தில் துகள்களின் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகும், மெதுவாக அசையும், எளிதில் படியும். எனவே அளவைப் பெரிதாக்குவது மட்டுமே தீர்வாகாது. எதிர்ப்பொருளை எவ்வளவு சேர்ப்பது என்பதை உப்புச் சோதனையால் அறியலாம்: ஒரே அளவு தங்கக் கரைசலில் எதிர்ப்பொருளைப் படிப்படியாகக் கூட்டிச் சேர்த்து, 10% சோடியம் குளோரைடு கரைசலை ஊற்றினால், போதாத குழாய்கள் சிவப்பிலிருந்து நீலமாக மாறும். சிவப்பாகவே நிற்கும் மிகக் குறைந்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளவும். பிணைக்கும்போது கரைசலின் பிஎச் மதிப்பு, எதிர்ப்பொருளின் மின்சமநிலைப் புள்ளியைவிட (அதன் மொத்த மின்னேற்றம் சுழியாகும் பிஎச் மதிப்பைவிட) சிறிது மேலே இருக்க வேண்டும்.

பிணைத்த துகளைச் சுக்ரோஸ் அல்லது ட்ரெஹலோஸ் சேர்த்து உலர்த்தினால் அது ஈரம் பட்டதும் முழுமையாகக் கரைந்து எழும். எழும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். துகள் முழுவதும் முதல் நொடிகளிலேயே அடித்துச் செல்லப்பட்டால், பின்னால் வரும் மாதிரியில் உள்ள ஆன்டிஜெனுக்குத் துகளே கிடைக்காது. ஃபியூஜிஃபிலிம் பட்டையில் சிறுநீரும் துகளும் முதலில் குழாயில் நெடுநேரம் ஒன்றாக ஊறிய பின்னரே பட்டையில் இடப்படுகின்றன. அந்த ஊறல் நேரம் உணர்திறனுக்கு நேரடியாக உதவுகிறது.

சமிக்ஞையைப் பெருக்குதல்

மேற்சொன்ன யாவும் முடிந்து, வெற்று மாதிரிகள் தூய்மையாக நின்றபின்பே பெருக்கத்துக்குச் செல்லலாம். வெள்ளிப் பெருக்கம் அவற்றுள் மிகவும் வலிமையானது. கோட்டில் பிடிபட்ட தங்கத் துகளின் பரப்பில், ஹைட்ரோகுவினோன் போன்ற ஒடுக்கியின் துணையால் வெள்ளி அயனிகள் உலோகமாகப் படிந்து, துகள் பன்மடங்கு பெரிதாகிக் கோடு கறுக்கும். புகைப்படச் சுருளைத் துலக்கும் வேதியியலும் இதுவே. ஒரு புகைப்பட நிறுவனம் தன் பழைய அறிவைக் காசநோயாளிகளுக்குப் பயன்படுத்தியது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

இதைச் செய்கையில், ஓட்டம் முடிந்ததும் பட்டையை வடிநீரால் நன்கு கழுவவும். மாதிரியில் எஞ்சிய குளோரைடு, வெள்ளி குளோரைடாக வீழ்படிந்து சவ்வு முழுவதையும் மங்கலாக்கும். வெள்ளிக் கரைசலையும் ஒடுக்கியையும் பயன்படுத்தும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். கலந்தபின் தங்கம் இல்லாமலேயே வெள்ளி மெல்ல மெல்லப் படியத் தொடங்கும். ஆகவே எத்தனை நிமிடத்தில் நிறுத்துவது என்பதை வெற்றுப் பட்டைகளை வைத்தே தீர்மானிக்கவும். ஃபியூஜிஃபிலிம் பட்டையில் இந்த வினைப்பொருள்கள் உள்ளேயே அடைக்கப்பட்டு, பொத்தானை அழுத்தினால் வெளிவருகின்றன. விலையாகக் கொடுத்தது நேரம்: அலீர் பட்டைக்கு 25 நிமிடம், இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

துகளோடு பெராக்சிடேஸ் நொதியைச் சேர்த்து, படியும் வகை டிஎம்பி போன்ற வினைப்பொருளால் நிறமூட்டுவது மற்றொரு வழி. அப்போது எந்தப் பஃபரிலும் சோடியம் அசைடு இருக்கலாகாது. அது நொதியை முடக்கும். ஒன்றையொன்று உறுதியாகப் பற்றும் ஸ்ட்ரெப்டவிடின், பயோட்டின் இணையைப் பயன்படுத்துவோர், பயோட்டின் மாத்திரை உட்கொள்ளும் நோயாளிகளின் மாதிரியில் பிழை வரக்கூடும் என்பதைச் சோதித்தறிய வேண்டும். யூரோப்பியம் துகள்கள் புறஊதா ஒளியில் நெடுநேரம் ஒளிர்வதால், சவ்வின் சொந்த ஒளிர்வு அடங்கிய பின் அளவிட்டு மிகத் தூய சமிக்ஞையைப் பெறலாம். ஆனால் படிப்பான் கருவி இன்றியமையாதது. ஆன்டிஜென் மிகவும் அரிதான நோய்களில் மரபணுப் பொருளைப் பெருக்கும் லாம்ப் முறையை நாடலாம். அது 60 முதல் 65 டிகிரியில் இயங்கும்; பெருகியது காற்றில் கலந்து அடுத்த மாதிரிகளைக் கெடுக்காதபடி குழாயைத் திறக்காமலேயே முடிவைப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியால் படிப்பதாயின் வெளியொளி புகாத சிறு பெட்டி, நிலையான விளக்கு, பூட்டப்பட்ட ஒளியளவு அமைப்பு ஆகிய மூன்றும் வேண்டும். தங்கத் துகள் பச்சை ஒளியையே மிகுதியாக உறிஞ்சுவதால், படத்தின் பச்சை அலைவரிசையில் மட்டும் கோட்டையும் அதன் இருபுற வெண்மையையும் ஒப்பிடவும்.

உயர்ந்த உணர்திறனுக்கான விலையை அறிதல்

நோயற்றவரை நோயற்றவர் என்று சொல்லும் திறனான குறிப்புத்தன்மை சிறிது குறைந்தாலும் விளைவு பெரிது. 1,000 பேரில் 20 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். உணர்திறன், அதாவது நோயாளிகளில் பட்டை கண்டறிவோரின் பங்கு, 70 விழுக்காட்டிலிருந்து 90 ஆக உயர்ந்தால், கூடுதலாக 4 நோயாளிகள் கண்டறியப்படுவர். அதே மாற்றத்தால் குறிப்புத்தன்மை 98 விழுக்காட்டிலிருந்து 95 ஆகத் தாழ்ந்தால், பொய்யாக நோயாளி எனப்படுவோர் சுமார் 20 பேரிலிருந்து 49 பேராகிவிடுவர். அந்த 29 பேருக்கும் தேவையற்ற அச்சமும் மருந்தும் நேரும். பலரை ஒட்டுமொத்தமாகச் சோதிக்கும் முகாமுக்கு இத்தகைய பட்டை பொருந்தாது. உயிருக்குப் போராடும் நோயாளிகள் நிறைந்த வார்டில் ஏற்கத்தக்கதாக இருக்கலாம்.

2019 ஆய்விலும் குறிப்புத்தன்மை அலீர் பட்டையில் 95.0 விழுக்காடாகவும் ஃபியூஜிஃபிலிம் பட்டையில் 90.8 ஆகவும் இருந்தது. ஆனால் மருத்துவ அறிகுறிகளையும் சேர்த்த கூட்டு அளவுகோலால் பார்த்தபோது, பின்னது 95.7 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது பொய் எனக் கருதப்பட்டவர்களில் சிலர், நுண்ணுயிரியல் சோதனைக்கு அகப்படாத நோயாளிகளாக இருந்திருக்கக்கூடும். உங்கள் பட்டை அளவுகோலை விஞ்சத் தொடங்கும்போது, பட்டையைக் குறைகூறுமுன் அளவுகோலையும் ஆராய வேண்டும்.

மலேரியாவில் வேறொரு வரம்பு உண்டு. பட்டை தேடும், ஒட்டுண்ணியின் எச்ஆர்பி2 புரதம் சிகிச்சைக்குப் பின்னும் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்குவதால், மிகக் கூர்மையான பட்டை குணமானவரையும் நோயாளி என்று காட்டும். மறுபுறம், அப்புரதத்துக்கான மரபணுவை இழந்த ஒட்டுண்ணிகளை எந்தப் பெருக்கமும் காட்டாது; பெருவின் அமேசான் பகுதியில் 2010-இல் அவை முதன்முதலில் பதிவாயின. அங்கு வேண்டியது ஒட்டுண்ணியின் எல்டிஎச் நொதி போன்ற வேறோர் இலக்கு.

இறுதியாக, உணர்திறனை உயர்த்திய ஒவ்வொரு பட்டையையும் மிக அதிகச் செறிவுள்ள மாதிரியிலும் ஓட்டிப் பார்க்கவும். ஆன்டிஜென் மிதமிஞ்சினால் கோட்டையும் துகளையும் தனித்தனியே நிறைத்துவிட, இரண்டும் இணையாமல் கோடு மங்கும். பத்தில் ஒன்றாக நீர்த்துப் பார்க்கையில் கோடு வலுத்தால் இக்கோளாறு இருக்கிறது என்று பொருள். ஃபியூஜிஃபிலிம் பட்டையின் பிற்கால மதிப்பீடுகளில் உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி முடிவுகள் வேறுபட்டதும் தெரியவந்தது. எனவே நோயாளிகளிடமிருந்து உரிய ஒப்புதலோடு பெற்ற, கண்டறிதல் எல்லையை ஒட்டிய மாதிரிகளையும் நோயற்றோர் மாதிரிகளையும் சிறு சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒவ்வொரு புதிய தொகுதியையும் அனுப்புமுன் அவற்றில் ஓட்டவும். அதே தொகுதியின் சில பட்டைகளை 40 டிகிரி வெப்பத்தில் சில வாரங்கள் வைத்திருந்து மீண்டும் அதே மாதிரிகளில் ஓட்டவும். இரண்டு முறையும் எல்லையை ஒட்டிய மாதிரியில் கோடு நின்றால் மட்டுமே அத்தொகுதியை வெளியே அனுப்பவும்.